இரண்டு புத்தகம் வைக்கும் உறையோடு பெரியகல்லாற்றுக்கு

மட்டக்களப்புக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு காசு முடியும் என்று கேட்டு எனக்கு அடிக்கடி செய்தி வரும். எல்லாவற்றையும் இந்தப் பதிவில் சொல்கிறேன். ஆனால் முன்கூட்டியே ஒன்று. இது வாவியில் படகேறி, நண்டுக்கறி சாப்பிட்டு, படம் எடுத்துத் திரும்பிய பயணம் இல்லை. போகும்போதும் வரும்போதும் மணியையே பார்த்துக்கொண்டிருந்த பயணம். அதனால் காட்சி வர்ணனை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், மன்னிக்க வேண்டும்.

போன காரணம் என் தங்கை வினோவின் புது வீட்டுக் குடிபூரல், அதாவது புதுமனை புகுதல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அப்பா இருந்தபோதே எனக்கு ஒன்று முடிந்தது. அப்பா போன பிறகு வினோவுக்கானதை அம்மா கல்லுக்கல்லாகச் சேர்த்து பெரியகல்லாற்றில் கட்டி முடித்தார். அக்கம்பக்கத்துச் சைவ வீடுகளில் சாமிப்படத்தையும் நிறைகுடத்தையும் கொண்டு உள்ளே போவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் குடும்பத்தில் வேதாகமம்தான் முதலில் வாசற்படி தாண்டும். அதைக் கையில் ஏந்திப் போவது வீட்டின் மூத்த மருமகன். அதற்குப் பிறகுதான் போதகர், அதற்குப் பிறகுதான் பால் பொங்குவது.

மூத்த மருமகன் என்றால் என் கணவர் சீலன். சிக்கலும் அவர்தான்.

சீலன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளைக்காரர். ஆறு வருடத்துக்கு முன் மோர்மன் சபையில் சேர்ந்தார். நான் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு பஸ், நான் ஒரு பஸ், மத்தியானம் ஒரே சோறு. தேத்தண்ணியையும் கோப்பியையும் அவர் விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு உண்மையான நட்டம், பின்னேரத்தில் ஒற்றைக் கோப்பையோடு உட்காருவது என்ன சந்தோஷம் சொல்லுங்கள். மற்றபடி சனங்கள் நினைப்பதுபோல அவர் பைபிளைத் தூக்கி எறியவில்லை. அவர்களுக்குப் பைபிளும் வேதம், மோர்மன் புத்தகமும் வேதம், அதற்கு மேலும் இரண்டு சிறிய நூல்கள் உண்டு. இந்த வருடம் முழுக்க அவர்களுடைய ஞாயிறு வகுப்பில் பழைய ஏற்பாடுதான் போகிறது. அடுத்த வருடம் புதிய ஏற்பாடு, அதற்கடுத்த வருடம்தான் மோர்மன் புத்தகம். வீட்டில் அவர் விடியற்காலை எழும்பி முதலில் பைபிள், பிறகு மற்றது என்று வாசிப்பார். பைபிளின் ஓரங்கள் கறுத்துப்போய், நாலு நிறத்தில் கோடு போட்டு, எனக்கே பார்க்க வெட்கமாக இருக்கும். என்னுடையது பதினைந்து வருடமாகப் புத்தம் புதிது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு பாடசாலையில் பாதி ஊரை மனப்பாடம் செய்ய வைத்தவர். அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, வேதாகமத்துக்கு மேல் எதையும் வைக்கக்கூடாது. மூக்குக்கண்ணாடி கூடாது, பாட்டுப் புத்தகம் கூடாது, ஒரு பூ கூடாது. சின்ன வயதில் கணக்குக் கொப்பியை வைத்ததற்கு நான் அகப்பைக்காம்பால் வாங்கியிருக்கிறேன்.

அந்த அம்மா இரண்டு வருடத்துக்கு முன் வத்தளைக்கு வந்து எங்களோடு நின்றார். ஒரு காலை மேசையைத் துடைக்கப் போனவர் பார்த்தது என்ன? கீழே பைபிள், அதற்கு மேல் நீல அட்டை மோர்மன் புத்தகம். சீலன் வாசித்து முடித்த வரிசையில் வைத்திருந்தார், முதலில் வாசித்தது அடியில், பிறகு வாசித்தது மேலே. வேறு எந்த அர்த்தமும் அதில் இல்லை. அவர்களுக்கு இரண்டும் ஒரே அடுக்கில் இருக்கும் பொருட்கள். ஆனால் அம்மா துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அதுவரை சீலனை வாய்நிறைய 'மகன்' என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து அவரோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. என்னிடம் பேசும்போது 'வேதத்துக்கு மேல புத்தகம் வச்ச ஆள்' என்பார்.

சீலனுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. வத்தளையில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து, கதவுபோல இரண்டு பக்கமும் திறக்கிற துணி உறை ஒன்று தைப்பித்தார். இடப்பக்கப் பையில் பைபிள், வலப்பக்கப் பையில் மோர்மன் புத்தகம். விரித்து வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று மற்றதன்மேல் ஏறாது. இதை அம்மாவுக்குக் காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை. எனக்கோ அந்த உறை அம்மாவின் கண்ணில் படவே கூடாது.

குடிபூரலுக்கு ஒரு கிழமை இருக்க வினோ தொலைபேசி எடுத்தாள். "அக்கா, வேதத்த அத்தான்தான் தூக்கோணும் எண்டு நான் சொல்லிப்போட்டன். அம்மா ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. போதகரத் தூக்கச் சொல்லுவமா எண்டு மட்டும் கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"அத்தான் தூக்காட்டி நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டன் எண்டுட்டன். எனக்கென்னகா, எனக்கு அக்கா வேணும்."

போச்சுடா என்று நினைத்தேன். ஊர் முன்னால் அம்மா மறுத்தால் சீலன் இனி அந்த வாசலை மிதிக்கமாட்டார். சீலன் போகாத வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவது? இத்தனைக்கும் நடுவில் வினோவின் புது வீடு பூட்டியே கிடக்கும். மூன்று பெண்கள், ஒரு வாசற்படி, அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பின் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் ஏறினோம். ஆசனப்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு, பத்து நாளைக்கு முன்பே எடுக்காவிட்டால் கிடைக்காது. ஒன்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலன்னறுவை வரைக்கும் கூட்டம், வெலிக்கந்தை தாண்டினால் காற்று மாறும், வாழைச்சேனையில் மீன் வாசம் வரும், ஏறாவூரில் வடை வாங்கலாம். நான் வடையையும் ருசிக்கவில்லை, காற்றையும் ரசிக்கவில்லை. அம்மா இப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வது, போதகர் அப்படிக் கேட்டால் இவர் என்ன சொல்வார் என்று ரயிலின் சத்தத்துக்கு ஏற்ப மனதுக்குள் ஒத்திகை ஓடியது. சீலன் யன்னலோரத்தில் பைபிளின் ஏசாயா புத்தகத்தை விரித்து வைத்து நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

தங்கியது கல்லடியில், பாலம் தாண்டிய உடனே ஒரு சிறிய விடுதி. மின்விசிறி அறை நாலாயிரத்து ஐந்நூறு, சுத்தம், காலைச் சாப்பாடு இல்லை. "அம்மா வீட்டில தங்கினா அந்தா இந்தா எண்டு கதை வரும்" என்று வினோதான் வெளியே தங்கச் சொல்லியிருந்தாள். பின்னேரம் கடற்கரைக்கு நடந்தோம். பத்து நிமிட நடை, செருப்பு முழுக்க மணல். திரும்பி வந்து செருப்பை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினேன். இந்தச் செருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்கு வந்ததும் நான் கேட்டேவிட்டேன். "நாளைக்குப் பைபிளை மட்டும் கொண்டு போவமா? மற்றது இங்கேயே இருக்கட்டும்."

அவர் உறையை விரித்து, மறுபடி மடித்தார். "மாமிக்கு அந்த உறையைக் காட்டலாம்னு நினைச்சேன்" என்றார்.

"காட்டினீங்களோ, குடிபூரல் குடிமூடலாகிடும். ஒரு நாளைக்குத்தானே சீலன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நீ சொல்றதால விடுறேன். ஆனா மாமி கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அவ எங்கே உங்களோட கதைக்கப்போறா கேட்க?" என்றேன். அவர் நீலப் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். நான் அதை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்பாடா என்றிருந்தது.

சனிக்கிழமைக்கு ஓட்டோ பேசியிருந்தோம். ஓட்டுநர் றிஸ்வான், காத்தான்குடிக்காரர், முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து ஏழாயிரம். கல்லடியிலிருந்து பெரியகல்லாறு முப்பத்திரண்டு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். கல்முனைப் பெருவீதி வழியே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நேர் தெற்கு. இடப்பக்கம் எங்கோ கடல், வலப்பக்கம் வாவி. ஓந்தாச்சிமடம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும், வலை வீசுகிறவர்கள் இடுப்பளவில் நிற்பார்கள். படம் எடுக்க அருமையான இடம், நான் எடுக்கவில்லை.

எட்டு மணிக்குப் போய் இறங்கினோம். புது வீட்டு வாசலில் வாழைமரம், பந்தல், கதிரை. போதகர் பத்தரைக்குத்தான் வருவார். கதவு சாத்தியிருந்தது, யாரும் இன்னும் உள்ளே போகவில்லை. அம்மா பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சேலையில் நின்றார். என்னைக் கட்டிப்பிடித்தார், சீலனைப் பார்த்துத் தலையசைத்தார், பிறகு என்னிடம் சொன்னார். "தேத்தண்ணி குடிக்கிறாரா எண்டு கேளு."

சீலன் ஒரு முழ தூரத்தில் நிற்கிறார்! "அவர் தேத்தண்ணி குடிக்கிறதில்ல அம்மா, தெரியும்தானே."

"தெரியும். கேளு எண்டன், அவ்வளவுதான்."

ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். அம்மா சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "அவர் கொண்டுவந்த வேதத்த ஒருக்கா பாக்கலாமா எண்டு கேளு. உள்ளுக்குப் போறதுதானே, நான் பாக்கோணும்."

நான் கேட்பதற்கு முன்பே சீலன் எழும்பி இரண்டு கையாலும் உறையை நீட்டினார். அம்மா வாங்கி விரித்தார்.

இடப்பக்கம் பைபிள். வலப்பக்கம் ஒன்றுமில்லை. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த பை, புத்தகத்தின் வடிவத்தில் இன்னும் உப்பிக்கொண்டு, வாயைத் திறந்து வெறுமையாக இருந்தது. அதை நான் ஏன் யோசிக்கவில்லை? புத்தகத்தை ஒளித்தேன், அது இருந்த இடத்தை ஒளிக்கவில்லை.

அம்மா அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "இதுக்க இருந்தது எங்க எண்டு கேளு."

"அறையில இருக்கு மாமி" என்றார் சீலன்.

"ஆர் எடுத்து வச்ச எண்டு கேளு."

பந்தலில் ஆட்கள் கழுத்தை நீட்டத் தொடங்கினார்கள். "நான்தான் அம்மா" என்றேன். "நீங்க கோபிப்பீங்க எண்டு..."

அம்மா உறையைச் சாத்தினார். "ஒண்ட ஒளிச்சுப்போட்டு வாற கையால என்ட பிள்ளைட வீட்டுக்க வேதம் போகாது. எடுத்துக்கொண்டு வரச்சொல்லு. நான் அதையும் பாக்கோணும். போதகர் வாறதுக்கு முன்ன வரோணும்."

"அம்மா, போய் வர ஒண்டே முக்கால் மணித்தியாலம் செல்லும்!"

"அப்ப ஏன்கா நிண்டு கதைக்கிறாய்?"

றிஸ்வான் அப்போதுதான் ஒரு வடையைக் கடித்திருந்தார். அதை வாயில் வைத்தபடியே வண்டியைத் திருப்பினார். எனக்கு வழி முழுக்க ஒரே கேள்விதான். எதற்குக் கேட்கிறார்? ஊர் முன்னால் விரித்து வைத்து, இதோ பாருங்கள் என்று சொல்லவா? போதகரிடம் கொடுத்துத் தீர்ப்புக் கேட்கவா? கிணற்றில் போடவா, அது வேறு பக்கத்திலேயே இருக்கிறது. சீலனைப் பார்த்தேன், முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு சொல் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

விடுதியில் அறையைத் திறந்து அலுமாரிக் கதவை இழுத்தேன். நீலப் புத்தகம் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதற்கு மேலே என் செருப்புப் பை இருந்தது.

நான்தான் வைத்தேன். இரவு அறையை ஒதுக்கும்போது கைக்கு வந்த இடத்தில் போட்டிருக்கிறேன். பொலித்தீன் ஒரு மூலையில் கிழிந்து, அட்டையின்மேல் ஈர மணல் கொட்டியிருந்தது. கணக்குக் கொப்பி வைத்ததற்கு அடி வாங்கியவள், ஒரு மனிதன் ஒவ்வொரு விடியலும் கையில் எடுக்கிற வேதத்தின்மேல் செருப்பை வைத்திருக்கிறேன். சீலன் குனிந்து பையைத் தூக்கி நிலத்தில் வைத்தார். கைலேஞ்சியை எடுத்து அட்டையைத் துடைத்தார். "பரவாயில்ல, தெரியாமத்தானே" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை.

திரும்பும்போது றிஸ்வானுக்கு விஷயம் தெரியாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, செல்லுங்க. எதுக்கு இந்த ஓட்டம்? யாரும் மவுத்தா?"

சாவொன்றும் இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பைத் தவிர.

"இவ்வளவுதானா? எங்களுக்கும் மூஸா நபிக்கு வந்த தவ்றாத், ஈஸா நபிக்கு வந்த இன்ஜீல் எல்லாத்துலயும் ஈமான், நம்பிக்கை இரிக்கி அக்கா. ஆனா ஓதுற குர்ஆன். முந்தினதுல ஆக்கள் கைய வச்சிட்டாங்க எண்டு செல்லுவாங்க. அண்ணன், நீங்க முந்தினத ஓதுறயா, சும்மா வச்சிரிக்கிறயா?"

"ஓதுறோம். இந்த வருஷம் முழுக்க அதுதான்" என்றார் சீலன். "அது தேவனோட வார்த்தைன்னு நம்புறோம், சரியா மொழிபெயர்த்திருக்கிற அளவுக்கு. மற்றது அதுக்குப் பதில் இல்ல. அதே இயேசுவுக்கு இரண்டாவது சாட்சி."

றிஸ்வான் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு சாட்சி எண்டா கேஸ் பலம்தான். ஆனா அண்ணன், ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சென்னா பொலிஸ் சந்தேகப்படும், வேற மாதிரிச் சென்னா சனம் சந்தேகப்படும். உங்கட பாடு கஷ்டம்தான்!"

சீலன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து கிரான்குளத்தில் ஒரு பட்டி மாடு பெருவீதியில் படுத்திருந்தது. ஹோன் அடித்தால் அவை தலையைத் திருப்பிப் பார்க்கும், அவ்வளவுதான். றிஸ்வான் இறங்கி, "எழும்புங்க வாப்பா, குடிபூரலுக்குப் போகணும்" என்று கெஞ்சினார். மணி ஒன்பதே முக்கால். நான் மடியிலிருந்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை என்னிடம் தந்திருந்தார் சீலன், உறை பைபிளோடு அம்மாவிடம் அல்லவா இருக்கிறது.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். போதகர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பந்தலில் இருந்தார். அம்மா எழும்பி வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே விரித்து வாசித்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அம்மாவின் உதடு அசைந்தது. வாசிக்கும் வேகத்துக்கு முன்னால் உதடு போவதைப் பார்த்தேன்.

"இதுக்குள்ளயும் ஏசாயாவா?"

"ஓம் மாமி, நிறைய அதிகாரம் இருக்கு" என்றார் சீலன்.

"இஞ்ச சில சொல்லு வேற மாதிரி இருக்கு எண்டு சொல்லு அவருக்கு." என்னிடம்தான் சொன்னார். மனப்பாடக்காரியிடம் ஏசாயாவைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும். பிறகு புத்தகத்தை மூடி, அட்டையைத் தடவினார். தடவிய விரலைப் பார்த்தார். "இதென்ன மண்?"

சீலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லாமலும் விட்டிருக்கலாம், கடற்கரை மண் என்று சொன்னால் பொய்யும் இல்லை. ஆனால் ஒளித்துப் படுகிற பாடு எனக்கு ஒரு நாளைக்குப் போதும். "என்ட செருப்புப் பைய இதுக்கு மேல வச்சிட்டன் அம்மா. ராத்திரி. தெரியாமத்தான்."

வினோ "ஐயோ அக்கா" என்றாள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார், சீலனைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் அட்டையின் மணலைத் துடைத்தார், மூலைகளையும் விடாமல்.

"ரெண்டு வருஷமா நான் இவரோட கோபம்," என்றார். "இப்ப நான் ஆரோடகா கோபிக்கிற?"

அம்மா பைபிளை எடுத்து சீலன் முன்னால் போய் நின்றார்.

"இந்தாங்க மகன். எனக்கு அந்தப் புத்தகம் வேதமில்ல, இனியும் இல்ல. உங்களுக்கு வேதம் எண்டா அது உங்கட காரியம். முன்னுக்கு நடங்க, நேரமாகுது."

சீலன் இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்குப் பின்னால் நான் வெறுங்கையோடு போகப் பார்த்தேன். அம்மா நீலப் புத்தகத்தை என் நெஞ்சில் வைத்தார். "நீ ஒளிச்சத நீதான் தூக்கிக்கொண்டு வரோணும்."

அப்படித்தான் நாங்கள் உள்ளே போனோம். முதலில் பைபிளோடு சீலன். பிறகு மோர்மன் சபைக்கு ஒரு நாளும் போகாத நான், மோர்மன் புத்தகத்தோடு. பிறகு வினோவும் அவள் புருஷனும், போதகர், ஊர். நடு மண்டபத்தில் வெள்ளை விரித்த சிறிய மேசை, அதில் ஒரு பெரிய பூச்சாடி. சீலன் பைபிளை வைத்து, நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை வாசித்தார். போதகர் ஜெபித்தார், நீளமாக. என் கையில் புத்தகம். கதிரையில் வைக்க முடியாது, ஆட்கள் உட்காருவார்கள். நிலத்தில் வைக்க முடியாது. கைப்பைக்குள் வைத்தால் மறுபடி ஒளிக்கிறேன் என்றாகும். பைபிளுக்கு மேல்? என் உயிர் போனாலும் இல்லை. மேசையில் வேறு இடமில்லை. பால் பொங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன், முழங்கை மரத்துப்போனது, வியர்வையில் அட்டை வழுக்கியது. விழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் பால் எந்தப் பக்கம் பொங்கியது என்றுகூடப் பார்க்கவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கோப்பை மல்லித்தண்ணியோடு வந்தார். அதைச் சீலனிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனார். பூச்சாடியை இரண்டு கையாலும் தூக்கி யன்னல் திட்டில் வைத்தார். மேசைவிரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"இஞ்ச வை," என்றார். "பக்கத்தில. மேல இல்ல."

வைத்தேன்.

இனி, போகிறவர்களுக்குச் சில விடயங்கள். ரயில் சீட்டு முன்பே எடுங்கள். ஓட்டோ என்றால் ஏறுவதற்கு முன் பேசுங்கள், பாதியில் திருப்பி ஓடச் சொன்னால் மேலே மூவாயிரம் கேட்பார்கள், அது நியாயமான காசு. கிரான்குளம் மாடுகளுக்குக் கால் மணித்தியாலம் கூடுதலாக ஒதுக்குங்கள். நேரமிருந்தால் குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய் வாருங்கள். வாகனத்தையும் ஆளையும் சேர்த்து அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையை அங்கே பாதை என்பார்கள். நாங்கள் ஞாயிறு பின்னேரம் போனோம், அம்மாவும் வந்தார். காற்றில் மிதவை ஆட ஆட, ஏசாயாவில் எந்தச் சொல் எங்கே மாறியிருக்கிறது என்று மருமகனோடு அக்கரை வரும்வரை வாதாடிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாவியை ஆறுதலாகப் பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு ஆள் எந்த வேதத்தை வாசிக்கிறாரோ, அதை அவர் கொண்டுவர விடுங்கள். செருப்பை வேறு தட்டில் வையுங்கள்.